சாவா மூவா நிதி

திருக்கழுக்குன்றத்து மூலஸ்தான ஈசனுக்குப் பல்லவ அரசன் கந்தசிஷ்யன் விட்ட நிலதானத்தை வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அவ்வண்ணமே ரட்சித்து வர, அவ்விருவரும் மறைந்து, பல்லவ ராஜ்யமே அஸ்தமித்துத் தொண்டை மண்டலம் சோழர் கைக்கு வந்த பின்னரும், ராஜகேசரி ஆதித்த சோழன் தன் 27ஆம் ஆட்சியாண்டில், முன்னோர் ரட்சித்தபடியே தானும் அத்தானத்தை ரட்சிப்பதாகக் கல்லில் வெட்டுவித்தான் என்பது, இவ்வூர்ச் சாசனங்களுள் சரித்திர ஆசிரியர்கள் விசேஷமாக எடுத்துப் பேசும் செய்தி. நரசிங்கப் போத்தரையனுக்கும் ஆதித்தனுக்கும் இடையில் மட்டுமே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. புதிதாக ஒரு தானத்தைச் செய்து தன் பெயரை நாட்டிக்கொள்ளும் அதிகாரமும் செல்வமும் படைத்த ஓர் அரசன், தனக்குச் சம்பந்தமில்லாத வம்சத்தார் செய்த பழைய தர்மத்தைக் காப்பதையே பெருமையாகக் கருதி, அவர்கள் பெயரையும் விடாமல் எழுதுவித்தான்.

அதே குன்றத்தின் நிழலில், அதே ஊரைத் தலைமையாகக் கொண்ட ஊராட்சி ஒன்றியத்தின் கிராமங்களில், இன்று பொது நிதியிலிருந்து எழுகின்ற கட்டடங்களைப் பார்க்கிறவர்கள், நம் காலத்து மனோபாவம் இதற்கு நேர்மாறாக இருப்பதைக் கண்டுகொள்ளலாம். எந்தத் திட்டம், எந்த ஆண்டு, எத்தனை லட்சம், அடிக்கல் நாட்டியவர் யார், திறந்து வைத்தவர் யார், முன்னிலை வகித்தவர்கள் யார் யார் என்பதெல்லாம் கறுப்புக் கல்லில் பொன்னிற எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். அக்கட்டடத்தைத் தினந்தோறும் திறப்பவர் யார், பெருக்குபவர் யார், குழாய் உடைந்தால் எந்தக் கணக்கிலிருந்து மாற்றுவது என்பது மட்டும் கல்லிலும் இராது, காகிதத்திலும் இராது. கிராமப் பொது வசதிகளுக்கான மானியங்களைப் பற்றி நாம் நடத்தும் விவாதங்கள் பெரும்பாலும் தொகை போதுமா, போதாதா என்பதோடு முடிந்துவிடுகின்றன. என் அபிப்பிராயத்தில் தொகையின் குறைவைக் காட்டிலும் பெரிய குறை வேறொன்று: கட்டுவதற்குக் கொடுக்கிறோம், காப்பதற்குக் கொடுப்பதில்லை.

மானியம் வரும் வழிகள் குறைவல்ல. 1993 டிசம்பரில் தொடங்கிய நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி இப்போது உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 3 கோடி. 15ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்கென 2,36,805 கோடி ரூபாயைப் பரிந்துரைத்து, அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்குமே செலவிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. மாநில நிதிக் குழு மானியம் தனி. இவற்றோடு ‘நமக்கு நாமே’ திட்டம், அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஆகியவை உண்டு. எங்கள் பிரதேசத்தில் இன்னொரு வழியும் சேர்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தம் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கென ஒதுக்க வேண்டியிருப்பதால், கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் நிதி சுற்று வட்டாரக் கிராமங்களில் வகுப்பறைகளாகவும் குடிநீர் வசதிகளாகவும் உருவெடுத்திருக்கிறது. இவ்வளவு வழிகள் இருந்தும், கிராமத்தில் நுழைந்தவுடன் கண்ணில் படுவது பூட்டிய கதவாக இருப்பது ஏன்?

இதற்கு விடை காண, தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் கட்டப்பட்ட இரண்டு கட்டடங்களைச் சற்று நின்று பார்க்கலாம். முதலாவது நூலகம். 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், ஊராட்சி ஒன்றுக்குச் சராசரியாக 20 லட்ச ரூபாய் வீதம், ஐந்தாண்டுகளில் எல்லா ஊராட்சிகளையும் தொட்டுவிடுவது என்ற உத்தேசத்தோடு வகுக்கப்பட்டது. நூலகம், விளையாட்டு மைதானம், மயான மேம்பாடு, குளச் சீரமைப்பு என்று அதன் அங்கங்கள் யாவும் கிராமத்துக்கு வேண்டியவையே. நூலகக் கட்டடம் எழுந்தது. இரும்பு அலமாரி வந்தது. புத்தகக் கட்டுகள் வந்து இறங்கின. அதைத் திறந்து வைத்திருக்க, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரோ, உள்ளூரில் படித்த ஒருவரோ, சொற்ப மதிப்பூதியத்துக்கு அமர்த்தப்பட்டார். அவர் இருந்தவரையில் நூலகம் இருந்தது. அவர் முதுமையெய்திய பின்னோ, ஊதியம் மாதக்கணக்கில் வராமற்போன பின்னோ, கதவு சாத்தப்பட்டது. ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தால், கயிறு அவிழ்க்கப்படாத புத்தகக் கட்டுகளின் மேல் கரையான் மண் ஏறியிருக்கும். தெருவிளக்குக்கு வாங்கிய குழல் விளக்குகளும், பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும், தேர்தல் முடிந்து மிஞ்சிய தட்டிகளும் மூலையில் அடுக்கப்பட்டிருக்கும். பல ஊராட்சிகளில் காணக்கூடிய காட்சி இது. தொண்டுள்ளம் படைத்த ஒருவரால் இன்றும் பிள்ளைகள் நிறைந்து நடக்கும் நூலகங்களும் உண்டு. அவை திட்டத்தின் வெற்றியல்ல, அம்மனிதர்களின் வெற்றி.

இரண்டாவது, ஒருங்கிணைந்த மகளிர் சுகாதார வளாகம். 2001ஐ அடுத்த சில ஆண்டுகளில், வீட்டில் கழிப்பறை இல்லாத பெண்களின் அவஸ்தையைத் தீர்க்க வேண்டுமென்ற நல்ல நோக்கத்தோடு, எல்லா ஊராட்சிகளிலும் இது கட்டப்பட்டது. குளியலறை, கழிப்பறை, துணி துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி, ஆழ்குழாய்க் கிணறு, மோட்டார் எல்லாம் உண்டு. முதல் கோடையில் மோட்டாரின் காயில் எரிந்து போயிற்று. காயில் கட்டுவதற்கு வேண்டிய சில ஆயிரம் ரூபாய்க்கு ஊராட்சியில் வழியில்லை. மோட்டார் நின்றதால் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்றதால் கழிப்பறை நாறிற்று. நாறியதால் பெண்கள் வருவதை விட்டார்கள். வருவோர் இல்லாததால் கதவும் கம்பியும் ஒவ்வொன்றாய்க் காணாமற்போயின. பத்தாண்டுகள் கழியுமுன்பே, 2011-12இல், மாநிலம் முழுவதிலுமுள்ள 12,796 வளாகங்களைச் செப்பனிட 170 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டியதாயிற்று. அவ்வப்போது சில நூறு, சில ஆயிரம் என்று செலவிட்டிருந்தால் தப்பியிருக்கக்கூடிய சொத்தை, அழிய விட்டுப் பின் கோடிகளைக் கொண்டு எழுப்பினோம்.

இது யாருடைய அலட்சியம் என்று கேட்பது சுலபம். ஊராட்சித் தலைவரைச் சொல்லலாம்; செயலரைச் சொல்லலாம்; பயன்படுத்தத் தெரியாத ஜனங்கள் என்று ஊராரையே சொல்லிவிடலாம். ஆனால் ஊராட்சியின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். ஊராட்சியின் பணம் தனித்தனிக் கணக்குகளில் வைக்கப்படுகிறது: ஒன்று பொது நிதி, இன்னொன்று ஊராட்சி செலுத்த வேண்டிய மின் கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் உரியது, பிறிதொன்று திட்ட நிதி. திட்ட நிதியில் வரும் லட்சங்கள் எஸ்டிமேட்டில் கண்ட வேலைக்கே உரியவை. அவற்றிலிருந்து ஒரு தாழ்ப்பாள்கூட வேறிடத்துக்கு வாங்க முடியாது. மின் கட்டணக் கணக்கில் வருவது வந்த வேகத்தில் போய்விடும். எஞ்சியிருப்பது பொது நிதி. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவற்றோடு மாநில நிதிக் குழு மானியத்தின் ஒரு பங்கும் சேர்ந்த அந்தத் தொகையில்தான், மேல்நிலைத் தொட்டி இயக்குபவருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் சம்பளம், தெருவிளக்கு, பைப்லைன் உடைப்பு, கொசு மருந்து எல்லாம். தனியார் கம்பெனிகளும் மனைப் பிரிவுகளும் பெருகிய சென்னைப் பக்கத்து ஊராட்சிகளுக்கு இது பெரிய பாரமாக இராது. பாலாற்றங்கரையிலோ ஏரிப் பாசனத்திலோ ஜீவிக்கும் சிற்றூரின் வீட்டு வரி, நூலகம், சுகாதார வளாகம், விளையாட்டு மைதானம், மயானக் கொட்டகை, பயணியர் நிழற்குடை என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஒப்படைக்கப்படும் சொத்துகளையெல்லாம் எப்படிச் சம்ரட்சிக்கும்? தொகுதி மேம்பாட்டு நிதியின் விதிகள் நிலைத்த சொத்துகளை உருவாக்குவதையே பிரதானமாகக் கொண்டு, அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பைப் பெற்றுக்கொள்ளும் அமைப்பின் தலையில் வைக்கின்றன. இந்த நிலையில் ஒவ்வொரு புதிய மானியமும் ஏழை ஊராட்சிக்கு ஒரு புதிய கடனாகிவிடுகிறது.

நம் முன்னோர் இந்த விஷயத்தை வேறு விதமாக யோசித்தார்கள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க விரும்பியவன் விளக்கை மட்டும் செய்து வைத்துவிட்டுப் போய்விடவில்லை. விளக்கோடு 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்தான். அவை மன்றாடிகள் என்னும் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் தினந்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவர்கள். ஆடு சாகும், கிழடாகும். ஆயினும் குட்டிகள் பெருகி அவ்விடத்தை நிரப்ப வேண்டும், எண்ணிக்கை குறையலாகாது என்பது ஒப்பந்தம். ஆகையால் அவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் என்று கல்லில் எழுதினார்கள். ஆட்டுக்குப் பதில் பொன் கொடுத்தவர்களும் உண்டு. அந்தப் பொன்னை ஊர்ச் சபை மூலதனமாக ஏற்று, ஆண்டுதோறும் அதன் பொலிசையைக் கொண்டு தர்மத்தை நடத்தியது. முதலைத் தொடாமல் வட்டியால் நடத்துவது என்ற இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை நம் நிதித் துறையார் அந்நியப் புத்தகங்களில் தேட வேண்டியதில்லை.

விளக்குக்கு மட்டுமல்ல, ஊர்ப் பொது வசதிக்கும் இதே முறைதான். ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கி, அதன் வருவாயைக் கொண்டு வண்டல் வாரினார்கள், கரையைப் பலப்படுத்தினார்கள். ஏரிகள் மலிந்த இந்தச் செங்கற்பட்டு ஜில்லாவை 1767க்கும் 1774க்கும் இடையில் அளந்து கணக்கெடுத்த தாமஸ் பார்னார்டின் பதிவுகளில், கிராமம் கிராமமாக, விளைச்சலில் ஒரு பகுதியும் நிலத்தில் ஒரு பகுதியும் ஏரிக்கும் நீர் பாய்ச்சுவோனுக்கும் கணக்கனுக்கும் தச்சனுக்கும் கோயிலுக்கும் சத்திரத்துக்குமாக ஒதுக்கப்பட்டிருந்தது தெரிகிறது. களத்து மேட்டில் நெல்லை அளக்கும்போதே ஊர்ப் பொதுவின் பங்கு தனியே எடுத்து வைக்கப்பட்டது. பின்னர் கும்பினி சர்க்கார் வருவாயை மையத்துக்கு இழுத்துக்கொண்டு, ஏரி மானியங்கள் படிப்படியாகத் தேய்ந்த பிறகு, கரை உடைந்தபோதெல்லாம் சர்க்காரின் கையையே எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. 1790களில் இங்கே கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்டதும், ஏரி காத்த ராமர் கோயிலில் அவர் பெயர் கல்லில் நின்றதும் யாவரும் அறிந்த கதை. நல்ல கலெக்டர் வாய்த்தால் ஏரி பிழைக்கும் என்ற நிலைமை அப்போதே தொடங்கிவிட்டது.

பழைய காலத்தை நான் பொற்காலமாகச் சித்திரிக்க வரவில்லை. உத்திரமேரூர்ச் சபையில் உறுப்பினராக நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டியிருந்தன; ஊரின் பெரும்பாலோருக்கு அங்கே குரல் இல்லை. குடிமராமத்து என்று இன்று நாம் பெருமையோடு பேசுகிற பணியில், கூடையும் மண்வெட்டியும் சுமந்தவர்கள் தம் விருப்பத்தின் பேரில் வந்தவர்கள் என்று சொல்வதற்கில்லை. சேரியிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களே அதிகம். அவர்கள் வெட்டிய ஏரியின் தண்ணீர் அவர்களுடைய நிலத்துக்குப் பாயவில்லை, அவர்களுக்கு நிலமே இல்லாததால். ஆகவே அந்த முறையின் ஜாதிக் கட்டுமானத்தை மீட்க வேண்டியதில்லை. அதன் நிதி விவேகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஜனநாயக காலத்திலும் இப்பக்கத்தில் அதற்கு முன்னுதாரணம் உண்டு. நெய்யாடுபாக்கத்தில் பிறந்த நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வித் துறையின் இயக்குநராயிருந்தபோது, காமராஜர் ஆட்சியில், பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தைத் தொடங்கினார். அதன் முதல் மாநாடு 1958இல், அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கடம்பத்தூரில் நடந்தது. பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், குடிநீர்ப் பானை, சுற்றுச் சுவர் என்று ஒவ்வொரு பள்ளியின் தேவையையும் பட்டியலிட்டு ஊராரின் முன் வைத்தார்கள்; ஊரார் பொருளாகவும் பணமாகவும் உழைப்பாகவும் கொடுத்தார்கள். மதிய உணவுக்கு, ஒரு வேளைக்குப் 10 காசு என்று கணக்கிட்டு, 6 காசைச் சர்க்கார் தந்தது. 4 காசு ஊரார் பொறுப்பு. இதில் கவனிக்கத்தக்கது, மதிய உணவு மானியத்தின் தன்மை. அது ஒரு தடவை கொடுத்து விலகும் தொகையல்ல. பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும், உண்ணும் ஒவ்வொரு குழந்தைக்கும், நடப்புச் செலவுக்கென்றே வந்த மானியம். அதே காலத்தின் ஊராட்சிச் சட்டம், ஊராட்சி வசூலிக்கும் வீட்டு வரிக்கு இணையான தொகையைச் சர்க்காரும் தரும்படி செய்திருந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஊர் முயன்றால் சர்க்கார் கூட வரும் என்ற நம்பிக்கையை அது வளர்த்தது.

1997இல் தொடங்கி, ஆட்சி மாற்றங்களில் பெயர் மாறியும் மீண்டும் பழைய பெயர் பெற்றும் வந்துள்ள ‘நமக்கு நாமே’ திட்டம் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊரார் செலுத்தினால், மீதத்தை அரசாங்கம் தரும். தன் பணம் கலந்த கட்டடத்தின் கதவு களவு போனால் ஊரான் கேள்வி கேட்பான். ஆகவே இத்திட்டத்தின் தத்துவத்தில் குறையில்லை. ஆனால் நடைமுறையில் ஒரு நியாயக் குறை உண்டு. வெளிநாட்டில் பிள்ளைகள் சம்பாதிக்கும் ஊரோ, தொழிற்சாலை அண்டையிலிருக்கும் ஊரோ மூன்றில் ஒரு பங்கை ஒரு வாரத்தில் கட்டிவிடும். மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையில் ஏரிக்கரைகளையும் புறம்போக்குகளையும் ஒட்டிக் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பங்கள் எதைக் கொண்டு பங்கு கட்டும்? ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்குப் பங்கைக் குறைத்திருப்பது நல்லதே. ஆயினும் வறுமையை அளக்கும் கோல் இன்னும் நுணுக்கமாக வேண்டும். அமெரிக்காவில் வேளாண் துறை நடத்தும் கிராமப் பொது வசதி மானியத்தில், 20,000 ஜனங்களுக்கு உட்பட்ட ஊர்களே விண்ணப்பிக்கலாம். அவற்றிலும் ஊர் சிறியதாகவும் வருமானம் தாழ்ந்ததாகவும் இருக்க இருக்க மானியத்தின் விகிதம் படிப்படியாக உயர்ந்து, மிகச் சிறிய, மிக ஏழை ஊருக்குச் செலவில் 75 சதவீதம் வரை கிடைக்கிறது. சற்றே வசதியுள்ள ஊருக்கு 15 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. செல்வ நாடு செய்கிற இந்தப் பாகுபாட்டை நாம் செய்யக் கூசவேண்டியதில்லை.

இனி, எதைக் கட்டுவது என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி. சட்டப்படி கிராம சபையே தீர்மானிக்க வேண்டும். குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி, நவம்பர் 1ஆம் தேதியான உள்ளாட்சிகள் தினம் என்று ஆண்டில் ஆறு தடவை அது கூடுகிறது. கூடுகிற இடத்தில் நடப்பது என்ன? மேலிடத்திலிருந்து வந்த பொருள் பட்டியல் வாசிக்கப்படுகிறது; தீர்மானப் புத்தகம் கைமாறிக் கையெழுத்துச் சேர்கிறது; எழுந்து கேட்கிற ஒருவருக்கு ‘மேலே எழுதிப் போட்டிருக்கிறோம்’ என்ற பதில் கிடைக்கிறது. ஊருக்கு வேண்டியது மயானத்துக்கு ஒரு பாதையாக இருக்க, வந்து சேருவது உயர்கோபுர மின்விளக்காக இருக்கும், அந்த ஆண்டு எந்த இனத்தில் நிதி இருந்ததோ அதற்கேற்ப. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டமிடல் இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடமே ஒப்படைத்து, முன்னுரிமையை ஊர்க் கூட்டங்களே நிர்ணயிக்கச் செய்தார்கள். பிழைகள் நேர்ந்தன; ஆனால் அவை ஊராரே செய்த பிழைகளாதலால், ஊராரே திருத்திக்கொள்ளக்கூடியவையாக இருந்தன.

நம்மிடத்திலோ, தீர்மானிக்க வேண்டிய ஸ்தாபனமே சில வருஷங்கள் இல்லாமற்போயிற்று. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக் காலம் முடிந்த பிறகு, செங்கற்பட்டு மாவட்டக் கிராமங்கள் 2021 அக்டோபர் வரை, முழுமையாக ஐந்தாண்டுகள், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றித் தனி அலுவலர்களின் பரிபாலனத்தில் இருந்தன. தேர்தல் நடக்காத காரணத்தால் மத்திய நிதிக் குழுவின் மானியங்கள் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. ஒரு மோட்டாருக்குக் காயில் கட்டவும் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் படியேற வேண்டியிருந்த அந்த ஆண்டுகளில் எத்தனை வசதிகள் பாழாயின என்பதை எவரும் கணக்கெடுக்கவில்லை. ஜனப் பிரதிநிதி இல்லாத ஊரில் மானியமும் வராது, வந்ததும் தங்காது என்பதற்கு அந்த ஐந்தாண்டுகளே சாட்சி.

கணக்கு ஒப்புவித்தல் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்ச் சாசனங்கள், ஏரி வாரியத்திலும் பிற வாரியங்களிலும் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமின்றி, அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையில் பெயரெழுதத் தகுதியற்றவர்களாக விலக்கின. குடவோலையை மட்டும் பாடப் புத்தகத்தில் வைத்து, கணக்கை மறந்துவிட்டோம். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு செலவாயிற்று என்ற கணக்கு தணிக்கைக்குப் போகிறது. அது எத்தனை நாள் திறந்திருந்தது என்ற கணக்கை எந்தத் தணிக்கையும் கேட்பதில்லை.

ஆகவே என் யோசனை இதுதான். இனிமேல் கிராமப் பொது வசதிக்கென எந்தத் தலைப்பில் மானியம் கொடுத்தாலும், அதில் ஒரு பங்கை, உதாரணமாகப் பத்தில் ஒரு பங்கை, அந்தச் சொத்தின் பெயரிலேயே நிலையான வைப்புத் தொகையாகப் போட வேண்டும். 20 லட்ச ரூபாய்க் கட்டடம் என்றால், 18 லட்சத்தில் கட்டட்டும். 2 லட்சம் வைப்பில் இருக்கட்டும். 6 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 12,000 ரூபாய், மாதம் ஆயிரம். இந்த ஆயிரத்தில் நூலகருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் மின் கட்டணமும், பல்பும், தாழ்ப்பாளும், பினாயிலும், ஆண்டுக்கொரு முறை வெள்ளையடிப்பும் இதில் அடங்கும். பெரும்பாலான கட்டடங்கள் பெரும் பழுதால் பாழானவையல்ல. இத்தகைய சில்லறைச் செலவுக்கு வழியின்றிப் பாழானவையே. ஆடு குட்டி போடும், ரூபாயின் மதிப்போ தேயும் என்று ஆட்சேபிப்பவர்களுக்கு விடை, வட்டியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலோடு சேர்த்து வருவதுதான். முதலை எடுக்கும் அதிகாரம் எவருக்கும் இருக்கலாகாது; வட்டியைச் செலவிடுவதற்குக் கிராம சபைத் தீர்மானம் வேண்டும்.

இரண்டாவதாக, எஸ்டிமேட்டில் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் கணக்கெழுதும் ஓவர்சியரே, அக்கட்டடத்தின் ஆண்டுச் செலவு எவ்வளவு, அதைத் திறந்து மூடும் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுதிக் கிராம சபையின் சம்மதத்தைப் பெற வேண்டும். அந்தப் பத்தி காலியாயிருந்தால் நிதி விடுவிக்கப்படலாகாது. பொறுப்பை மகளிர் சுயஉதவிக் குழுவிடம் கொடுக்கலாம், வாசகர் வட்டத்திடம் கொடுக்கலாம்; உழைக்கிறவர்களுக்கு ஊதியம் மட்டும் இருக்க வேண்டும். மூன்றாவதாக, ஓர் ஊராட்சியில் பழைய கட்டடம் பூட்டிக் கிடக்கும்போது, அதே விதமான புதுக் கட்டடத்துக்கு மானியம் கொடுக்கலாகாது. பூட்டைத் திறக்கக் கொடுக்கட்டும். நான்காவதாக, ஊரார் பங்கை ஊரின் சக்திக்கேற்பப் படிகளாக வகுத்து, பரம ஏழைக் குடியிருப்புக்குப் பங்கே இல்லாமல் செய்ய வேண்டும்.

இதனால் அடிக்கல்களின் எண்ணிக்கை குறையும் என்று அரசியல்வாதிகள் வருந்தலாம். பத்துக் கட்டடங்களில் ஒன்று குறைந்து, எஞ்சிய ஒன்பதும் இருபது ஆண்டுகள் திறந்திருக்குமானால், நஷ்டம் நாடாக் கத்தரிக்கும் கைகளுக்கே ஒழிய ஜனங்களுக்கல்ல. வைப்புத் தொகை வங்கியில் தூங்கும், அல்லது எவரேனும் விழுங்கிவிடுவர் என்று அஞ்சுவோரும் உண்டு. திருட்டுக்குப் பயந்து சேமிப்பை விடுவது விவேகமாகாது. ஒவ்வொரு கிராம சபையிலும் வங்கிப் புத்தகத்தை வாசிக்கச் செய்வதே அதற்குப் பரிகாரம்.

2021 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட இம்மாவட்ட ஊராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2026 அக்டோபரோடு நிறைவுறுகிறது. அதன் பின் தேர்தல் தாமதமின்றி நடக்க வேண்டுமென்று கேட்பது நம் முதல் உரிமை. வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம், புதிதாக என்ன கட்டித் தருவீர்கள் என்று கேட்பதை ஒரு தடவை விட்டுவிட்டு, இருப்பவற்றில் எதை எதை, எந்தப் பணத்தைக் கொண்டு திறந்து வைத்திருப்பீர்கள் என்று கேளுங்கள். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது, உங்கள் ஊராட்சியில் பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடங்களின் பட்டியல் ஒன்றை எழுதிக்கொண்டு போய், அதை வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அதற்கு அரசாணை வேண்டியதில்லை. எந்த நிதிக் குழுவின் பரிந்துரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.